ஓர் அறையாவது தனித்து நிற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச் 20ஆம் திகதி மாலை கொரோனாவால் இலங்கையெங்கும் ஊரடங்கு வந்தபோது, வன்னி வீடுகள் பல இராப்படுக்கைக்கும் மழைக்கு ஒதுங்குவதற்கும் நெல் மூட்டை அடுக்குவதற்குமே போதுமானவையாக இருந்தன. பகல் முழுக்க வளவிலும் வயலிலும் கழிந்ததால் குறை தெரியவில்லை. ஊரடங்கோடு அதே வீடு பள்ளிக்கூடமாகவும் நோயாளர் அறையாகவும் மாற வேண்டியதாயிற்று. 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டப்பட்ட வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அந்தப் பரப்புக்குள்ளேயே நோயாளருக்கென ஓர் அறையைத் தனியாகப் பிரிக்கலாம். அடுத்த திட்டத்துக்கு வரைபடம் கீறுவோர் தொடக்கத்திலேயே அதற்கு இடம்விட வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

முதலில் இடைச்சுவர். சீலிங் இல்லாத ஓட்டு வீடுகளில் அறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் பெரும்பாலும் 8, 9 அடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் முகடுவரை வெளி. கதவைப் பூட்டி வைத்தாலும் இருமலோடு வரும் காற்று சுவருக்கு மேலால் மண்டபத்துக்கு இறங்கும். சந்தேகமென்றால் அறைக்குள் ஒரு நுளம்புச்சுருளைக் கொளுத்திக் கதவைச் சாத்திவிட்டுக் கால் மணி நேரம் மண்டபத்தில் இருந்து பாருங்கள். மணம் வந்தால் மூச்சும் வரும்.

புது வீடென்றால் அந்த அறையின் இடைச்சுவர்களை மட்டும் ஓடு வரை ஏற்றிக் கட்டுவது சுலபம். இருக்கிற வீட்டில் 2 அங்குலச் சட்டம் அடித்துப் பிளைவுட்டோ தடித்த பொலித்தீனோ போடலாம். பொலித்தீனை வெறும் ஆணியால் அறைந்தால் காற்றுக்குப் படபடத்து ஆணித் துளையிலேயே கிழியும்; மேலே ஒரு மெல்லிய மரப்பட்டி வைத்து, அதன் மீது ஆணி அடிக்க வேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் தகட்டை வெட்டி அடைக்கவே கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்கு நஞ்சு.

மேலே அடைத்தால் அறை வேகும். ஆகவே வெளிச்சுவர் இரண்டிலும் யன்னல் வேண்டும். ஒரே பக்கத்தில் இரண்டு யன்னல் வைத்துப் பெரிதாகப் பயனில்லை. எங்கள் பக்கத்தில் சோழகம் தென்மேற்கிலிருந்தும் வாடை வடகிழக்கிலிருந்தும் அடிக்கும். அந்த இரண்டு மூலையிலும் நோயாளர் அறை இருந்தால் ஒரு பருவத்தில் அங்குள்ள காற்று வீட்டுக்குள்தான் தள்ளப்படும். தென்கிழக்கில் குசினி வைப்பது வழக்கம். மிஞ்சுவது வடமேற்கு; பெரியவர்கள் வாயு மூலை என்பார்களே, அதுதான் பொருத்தம். யன்னலைத் திறந்துவிட்டு, மண்டபத்தில் நின்று கதவின் அடி இடுக்கில் ஓர் ஊதுவத்தியைப் பிடியுங்கள். புகை அறைக்குள் இழுபட்டால் சரி. மண்டபப் பக்கம் திரும்பினால் காற்று வந்து மோதும் பக்கத்து யன்னலைச் சற்றுச் சாத்தி, மறுபக்க யன்னலை முழுதாகத் திறவுங்கள்.

அந்த அறைக்கு வெளிப்பக்கமாக இரண்டரை அடிக் கதவொன்று அவசியம். மலசலகூடத்துக்குப் போக நோயாளி குசினியையோ மண்டபத்தையோ தாண்டினால் இவ்வளவு வேலையும் வீண். ஒரே மலசலகூடமென்றால் நோயாளி கடைசியாகப் பாவித்து, யன்னலைத் திறந்துவிட்டு வரட்டும். கழுவுவதற்கு முதலில் சவர்க்காரம், பிறகு 5 வீதக் குளோரின் திராவகம் ஒரு லீற்றர் தண்ணீருக்கு 20 மில்லிலீற்றர். அழுக்கின் மேலேயே ஊற்றினால் குளோரின் அழுக்கிலேயே செலவாகிவிடும். அமிலக் கழுவியோடு கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

படலையடியில் கை கழுவ 5 லீற்றர் கான் ஒன்றும் கால்மிதியும் போதும். சவர்க்காரத்தைக் கயிற்றில் கோத்து, பாதியாய் வெட்டிய போத்தலைக் குடைபோல் அதன் மேல் கவிழ்த்துக் கட்டாவிட்டால் முதல் மழையோடு கரைந்துவிடும்.

பிள்ளைகளின் சூம் வகுப்புக்கு விறாந்தைச் சுவரில் 28 அங்குல உயரத்தில் ஒன்றரை அடி அகலப் பலகை, பக்கத்தில் ஒரு பிளக். மூன்று பக்கமும் திறந்த கிடுகு விறாந்தைக்குச் செலவும் குறைவு, வெக்கையும் குறைவு.

நெல்லுக்கும் ஒரு மூலை ஒதுக்கியாக வேண்டும். இல்லாவிட்டால் அறுவடை முடிந்ததும் மூட்டைகள் போவது அந்தத் தனி அறைக்குத்தான். காய்ச்சல் வந்த இரவில் நாற்பது மூட்டையை யார் தூக்கி மாற்றுவது?

இங்ஙனம்,
கட்டட மேற்பார்வையாளர்கள் சிலர்,
மாங்குளம்.