குடுவையில் சிவப்புத் தண்ணீர்

சென்னை, திருவான்மியூர்

அன்புள்ள கணேசா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பத்திரிகைத் துணுக்கும் வந்து சேர்ந்தன. கேம்பிரிட்ஜ் மூலக்கூறு உயிரியல் ஆய்வகத்தைப் பற்றி அரைப்பக்கம். நோபல் வாங்கியவர்களின் முகங்களைக் கல்யாண ஃபிளெக்ஸ் மாதிரி வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். "இதில் என்ன நொட்டை சொல்லப்போகிறாய், பார்ப்போம்" என்று வேறு சீண்டியிருக்கிறாய். காலமெல்லாம் செய்தி மேசையில் உட்கார்ந்தவன், உனக்கு ரோஷம் இல்லாமல் இருக்குமா!

முதலில் வீட்டுக் கதை. என் தங்கை மகள் இங்கே ஓர் ஆய்வகத்தில் பிஎச்டி செய்கிறாளே, அவள் போன மாதம் பேப்பரில் வந்தாள். மாவைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டில் இருக்கும் ஒரு புரதம் எப்படி மடிகிறது என்பதுதான் அவள் வேலை. நிருபர் நல்ல பையன், பொறுமையாகக் கேட்டுக் குறித்துக்கொண்டானாம். திண்டாடியது போட்டோகிராபர்தான். அங்கே இருப்பதெல்லாம் சுண்டுவிரல் அளவு பிளாஸ்டிக் குப்பிகள், உள்ளே நிறமே இல்லாத ஒரு சொட்டு. "கலரா ஏதாவது இருக்கா மேடம்?" என்று தேடி, கடைசியில் ஒரு குடுவைத் தண்ணீரில் சிவப்புச் சாயத்தைக் கலந்து அவள் கையில் கொடுத்து, அதை உற்றுப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தாராம்.

அதுவரை சிரிப்புதான். மறுநாள் தலைப்பு: "புற்றுநோய்க்கு மருந்து: சென்னை மாணவி சாதனை". நிருபர் எழுதிய செய்தியில் அப்படி ஒரு வரிகூட இல்லை. மேசையில் யாரோ வைத்த தலைப்பு. (உன் ஜாதி!) ஆய்வகத்துக்கு ஓயாமல் போன். சேலத்திலிருந்து ஒருவர், மனைவிக்குக் கீமோ நடக்கிறதாம், மருந்து எங்கே கிடைக்கும், எவ்வளவு ஆனாலும் கொடுக்கிறேன் என்று கெஞ்சியிருக்கிறார். "ஈஸ்ட்னு அவர்கிட்ட எப்படி மாமா சொல்றது?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

போட்டோவுக்காக நிற்கவைப்பதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை. டிஎன்ஏவின் அமைப்பைக் கண்டுபிடித்த வாட்சனும் கிரிக்கும் அதன் மாதிரியின் பக்கத்தில் நிற்க, கிரிக் ஸ்லைடு ரூலால் சுட்டிக்காட்டுவாரே, அந்தப் படமும் அப்படி எடுத்ததுதான். 1953இல் டைம் பத்திரிகை வாங்கிக்கொள்ளும் என்று நம்பி எடுத்தார்கள், டைம் போடவில்லை. அந்தக் கண்டுபிடிப்பு செய்தியாக வெளியான கதை அதைவிட வேடிக்கை. அவர்களுடைய ஆய்வகத் தலைவர் பிராக், ஏப்ரல் 8 அன்று பெல்ஜியத்தில் ஒரு மாநாட்டில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். ஒரு பத்திரிகையும் சீந்தவில்லை. ஏப்ரல் 25 நேச்சர் அறிவியல் இதழில் கட்டுரையே வந்தது. மே 14 லண்டனில் ஒரு மருத்துவக் கல்லூரியில் பிராக் மறுபடி பேசிய பிறகுதான், அடுத்த நாள் நியூஸ் கிரானிக்கிள் நாளிதழில் ரிச்சி கால்டர் எழுதினார். நீ ஏன் நீயாக இருக்கிறாய், உயிரின் ரகசியத்தை நெருங்கிவிட்டார்கள் என்கிற மாதிரி தலைப்பு. ஆசையைக் கிளப்புகிறது, ஆனால் யாருக்கும் மருந்து விற்கவில்லை. உங்கள் தொழிலில் இப்படியும் செய்யமுடியும் என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

2009 அக்டோபர் உனக்கு மறந்திருக்காது. வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கு நோபல் என்றதும் அவர் பிறந்த சிதம்பரமே தலைகால் புரியாமல் ஆடியது. மனிதர் மூன்று வயதிலேயே பரோடாவுக்குப் போய்விட்டவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குப் பாடம் நடத்தினேன் என்று ஆள் கிளம்ப, நான் அங்கே படித்ததே இல்லை என்று அவரே மறுக்க வேண்டிவந்தது. முன்பின் தெரியாதவர்களின் மெயில்கள் குவிவதாக அவர் அலுத்துக்கொண்டதும் நம்மவர்களுக்குக் கோபம். அந்த அமளியில், அவருக்கு நோபல் வாங்கித்தந்த ரைபோசோம், செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் அந்தக் குட்டி இயந்திரம், எங்கே போயிற்று? நம் அப்பா காலத்தில் டிபிக்குப் போட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கிருமியின் ரைபோசோமில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று 2000இல் அவர் குழு படம்பிடித்துக் காட்டியது. டிபி இல்லாத தெரு நம் ஊரில் உண்டா? அதைச் சொல்லியிருந்தால் டீக்கடையில்கூட வாய்விட்டுப் படித்திருப்பார்கள்.

உன் துணுக்கில் என் குறை இதுதான். அந்த ஆய்வகம் ஏன் இத்தனை நோபல் வாங்குகிறது என்ற கேள்வியே அதில் இல்லை. அதை உருவாக்கிய மேக்ஸ் பெருட்ஸ், 1937இல் கையிலெடுத்த ஹீமோகுளோபினின் (ரத்தத்தில் ஆக்சிஜன் சுமக்கும் புரதம்) அமைப்பை 1960இல்தான் வெளியிட்டார். நடுவில் எந்த நாளில் நிருபர் போயிருந்தாலும் "ஒன்றும் ஆகவில்லை" என்றுதான் எழுதியிருப்பார். 1947 முதல் காசு கொடுத்துக் காத்திருந்தது பிரிட்டனின் மருத்துவ ஆய்வுக் கவுன்சில். சின்னச் சின்னக் குழுக்கள், கருவிகள் எல்லோருக்கும் பொது. மாடியில் ஒரு கேன்டீன். அதை வெகுகாலம் நடத்தியவர் பெருட்ஸின் மனைவி கிசெலா. பெரியவர் சின்னவர் பார்க்காமல் ஒரே மேஜையில் டீ. ராமகிருஷ்ணன் அமெரிக்காவில் வாங்கிய சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு 1999இல் அங்கே சேர்ந்தது இதற்காகத்தான். பிறந்த ஊரைவிட இந்தச் சம்பளக் கணக்கு எனக்குப் பெரிய செய்தி. நீ எந்தப் பக்கத்தில் போட்டிருப்பாய்?

கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழக வளாகத்தில் விஞ்ஞானி ஜி.என்.ராமச்சந்திரன் செய்ததைப் பற்றி உன் ஊர் மாத இதழுக்கு எழுதப்போவதாகச் சொன்னாயே, நல்ல காரியம். தயவுசெய்து "நோபல் மறுக்கப்பட்ட மேதை" என்று ஒப்பாரி வைக்காதே. கிரிக்கோடு நடந்த சண்டையை எழுது. 1954இல் அவரும் கோபிநாத் கர்த்தாவும் தோலிலும் எலும்பிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதத்துக்கு மூன்று இழைச் சுருள் அமைப்பு என்று நேச்சரில் எழுதினார்கள். அடுத்த வருடமே கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் இதில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்று குறை சொன்னார்கள். ராமச்சந்திரன் பதிலுக்குப் பேட்டி கொடுக்கவில்லை. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்று, அதுவரை தெரிந்த படிக அமைப்புகளையெல்லாம் மாணவர்களோடு அலசிக் கணக்குப் போட்டார். அதிலிருந்து பிறந்ததுதான், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்பலாம் என்று காட்டும் 1963இன் ராமச்சந்திரன் வரைபடம். அதை வெளியிட்ட இதழின் ஆசிரியர் ஜான் கெண்ட்ரூ, அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்துக்காரர்! இன்றைக்கும் உலகத்தில் எவன் புரத அமைப்பைக் கண்டுபிடித்தாலும் அந்த வரைபடத்தில் வைத்துத்தான் சரிபார்க்கிறான். என் தங்கை மகளும்தான்.

எனக்கு முட்டிவலி அப்படியேதான். சர்க்கரை மட்டும் கட்டுக்குள் இருக்கிறது. மார்கழியில் கச்சேரிக்கு வருவாய் அல்லவா, அப்போது சர்தார் படேல் சாலையில் ராமச்சந்திரன் வேலைபார்த்த அந்த வளாகத்துக்குக் கூட்டிப்போகிறேன். கட்டுரையை அதற்கு முன்பே அனுப்பு, தேதிகளை நான் பார்த்துத் தருகிறேன். தலைப்பை மட்டும் நீயே வைத்துவிடு, இதழ்க்காரர்கள் கையில் விடாதே.

அன்புடன்,
சுந்தரம்