‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்ற வரிக்கு அடுத்த பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தொழிற்சாலை விபத்துகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் முடிவில், மேற்கொண்டு படிக்கச் சில புத்தகங்களைக் கொடுத்திருந்தீர்கள். எல்லாம் நல்ல புத்தகங்கள்தான், ஆனால் எல்லாமே கோட்பாட்டு நூல்கள். ஒரு விபத்தையாவது வால்வு வால்வாக, நிமிடம் நிமிடமாகத் தொடர்ந்து பார்க்காதவருக்குக் கோட்பாடு வாயில் நுழையும், மண்டையில் நிற்காது. முதலில் ஒரு விசாரணை அறிக்கையை முழுசாகப் படித்துவிட வேண்டும்.

எதை என்று கேட்டால், டெக்சஸ் சிட்டி சுத்திகரிப்பு ஆலை வெடிப்பைப் பற்றி அமெரிக்க வேதிப் பாதுகாப்பு வாரியம் 2007இல் வெளியிட்ட அறிக்கையைச் சொல்வேன். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. 2005 மார்ச் 23 அன்று 15 பேர் இறந்த விபத்து அது. ‘ஆபரேட்டர் டவரை வழிய விட்டுவிட்டார்’ என்று ஒரு வரியில் முடித்துவிடலாம், அதில் பொய்யும் இல்லை. ஆனால் அந்த வரிக்குப் பின்னால் இருப்பதைப் பாருங்கள்.

டவர் என்பது திரவத்தைச் சூடாக்கிப் பிரிக்கும் கலம், உயரம் 170 அடி. அதன் மட்டத்தைக் காட்டும் லெவல் டிரான்ஸ்மிட்டரால் அளக்க முடிந்தது அடியிலிருந்து 9 அடி வரைதான். ஸ்டார்ட்-அப்பில், அதாவது நின்ற ஆலையை மறுபடி ஓட்டும்போது, மட்டம் சட்டென்று இறங்கினால் ஃபர்னஸ் கெட்டுப்போகும் என்பதால், செய்முறைக் குறிப்பு சொல்வதைவிடக் கூடுதலாக நிரப்புவது அங்கே பழக்கமாகியிருந்தது. முந்தைய 5 ஆண்டுகளில் நடந்த 19 ஸ்டார்ட்-அப்களில் பெரும்பாலானவற்றில் மட்டம் கருவியின் எல்லையைத் தாண்டியே போயிருக்கிறது. எதுவும் ஆகவில்லை என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு வெளியேறும் பாதை மூடியிருக்க, மூன்று மணி நேரம் திரவம் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மதியம் ஒரு மணி வாக்கில் உண்மையான மட்டம் 158 அடி. திரை காட்டியதோ 7.9 அடி, அதுவும் இறங்குமுகமாக.

ஏன் இறங்குமுகம்? அந்தக் கருவி, திரவத்தில் மூழ்கியிருக்கும் ஒரு துண்டின் மிதப்பு விசையை வைத்து மட்டத்தைக் கணிக்கும் வகை. துண்டு முழுக்க மூழ்கிய பிறகு மட்டம் எவ்வளவு ஏறினாலும் அதற்குத் தெரியாது. திரவம் சூடாகச் சூடாக அடர்த்தி குறையும், மிதப்பு விசையும் குறையும். அதைக் கருவி ‘மட்டம் குறைகிறது’ என்று மொழிபெயர்த்துச் சொல்லிவிட்டது. தனியாக வைத்திருந்த உயர்மட்ட அலாரம் அடிக்கவில்லை. மட்டத்தை நேரில் பார்க்க வைத்த கண்ணாடிக் குழாய் (சைட் கிளாஸ்) அழுக்கேறி எதுவும் தெரியாத நிலை. உள்ளே வரும் அளவு ஒரு திரையில், வெளியே போகும் அளவு இன்னொரு திரையில். அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 29 நாட்களாக விடுப்பில்லாமல் 12 மணி நேர ஷிப்ட் வேலை செய்தவர். வழிந்த திரவம், கழிவு வாயுவை எரித்துவிடும் ஃபிளேருக்குப் போகவில்லை, திறந்த வெளிக்குப் போகும் பழைய புகைபோக்கி வழியாகப் பீறிட்டது. இறந்தவர்கள் அதற்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்த டிரெய்லர்களிலும் அவற்றைச் சுற்றியும் இருந்த ஒப்பந்த ஊழியர்கள்.

இதைப் படித்த கையோடு சமூகவியலாளர் சார்ல்ஸ் பெரோவின் ‘நார்மல் ஆக்சிடென்ட்ஸ்’ (1984) எடுத்தால் சரியாக ஒட்டும். அந்த நூலுக்குத் தூண்டுகோல் 1979இன் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து. அங்கே அழுத்தம் மிகும்போது திறந்து வெளியேற்றும் ரிலீஃப் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கண்ட்ரோல் ரூமில் அதற்கான விளக்கு அணைந்திருந்தது. ‘மூடு’ என்ற கட்டளை போய்ச் சேர்ந்ததைத்தான் அந்த விளக்கு காட்டும், வால்வு மூடியதை அல்ல. இரண்டு மணி நேரத்துக்கு மேல் உலையின் குளிர்நீர் வெளியேறியது. பாகங்கள் எதிர்பாராத விதத்தில் ஒன்றோடொன்று உரசும், ஒன்று தவறினால் அடுத்ததற்கு இடைவெளியே கிடைக்காது என்ற இரண்டும் சேர்ந்த அமைப்பில் விபத்து இயல்பானது என்பது பெரோவின் வாதம்.

எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. ‘சிக்கலான அமைப்பு, என்ன செய்ய?’ என்று கையை விரிக்கிறவர்களுக்கு அந்த வாதம் வசதியாகப் போய்விட்டது. 1984 டிசம்பரில் போபாலில் நடந்த விஷவாயுக் கசிவில் அப்படியொரு புதிர் இல்லை. தொட்டிக்குள் தண்ணீர் எப்படிப் போனது என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. ஆனால் குளிரூட்டும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்ததும், ஃபிளேருக்குப் போகும் பைப் கழற்றிக் கிடந்ததும், பீய்ச்சிய தண்ணீர் வாயு வெளியேறிய உயரத்துக்கு எட்டாததும் தகராறில்லாத விஷயங்கள். இதற்கு வேதி ஆலைப் பாதுகாப்பு நிபுணர் டிரெவர் க்ளெட்ஸ்தான் சரியான வைத்தியம். இல்லாத பொருள் கசியாது என்பது அவருடைய கட்சி. போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட், பூச்சிக்கொல்லி தயாரிப்பின் நடுவில் உண்டாகும் ஓர் இடைநிலைப் பொருள். உண்டானதும் செலவழித்துவிடலாம், 40 டன்னாகத் தொட்டியில் சேர்த்துவைக்கத் தேவையில்லை. அவருடைய ‘வாட் வென்ட் ராங்?’ தொடங்குவதே பராமரிப்பு வேலைக்கு ஆலையைத் தயார்செய்வதிலிருந்துதான். பைப்பைத் தப்பாக அடையாளம் கண்டு திறப்பது, பைப்பை அடைக்கும் தகடான பிளைண்ட் போடாமல் வால்வை மட்டும் நம்புவது மாதிரியான, தினமும் நடக்கக்கூடிய சங்கதிகள். பக்கத்தைப் புரட்டி எங்கிருந்தும் படிக்கலாம்.

வேலைக்கு முன் எழுத்தில் அனுமதி வாங்கும் பெர்மிட் முறையைப் பற்றி யாராவது உயர்வாகப் பேசினால், வட கடலில் எரிந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை பற்றிய கல்லன் அறிக்கையை (1990) கையில் கொடுங்கள். 1988 ஜூலை 6, 167 உயிர்கள். ஒரே பம்ப்புக்கு இரண்டு வேலைகள் நிலுவையில் இருந்தன. அதன் ரிலீஃப் வால்வைக் கழற்றிய வேலை அன்று முடியாமல், அந்த இடத்தில் பிளைண்ட் ஃபிளாஞ்ச் வைத்திருந்தார்கள். இரவில் மற்றொரு பம்ப் நின்றுபோக, ஷிப்டில் இருந்தவர்களுக்கு ஒரு வேலையின் பெர்மிட்தான் தெரிந்தது; அதை நம்பி இந்தப் பம்ப்பை ஓட்டப் போக, அந்த இடத்திலிருந்து வாயு கசிந்தது. வால்வு இல்லாத இடமும் பம்ப்பின் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரியாத இடம். தாள் ஒழுங்காக எழுதப்பட்டிருந்தது, தேவைப்பட்டவர் கையில் இல்லை.

டயன் வானின் ‘தி சேலஞ்சர் லாஞ்ச் டெசிஷன்’ தடிமனானது. 1986இல் வெடித்துச் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தின் ராக்கெட் மூட்டுகளை அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளின் அரிப்பு ஒவ்வொரு முறையும் ‘பரவாயில்லை’ ஆனது எப்படி என்ற அத்தியாயங்களைப் படித்தால் போதும், டெக்சஸ் சிட்டியின் 19 ஸ்டார்ட்-அப்களும் நினைவுக்கு வரும். ஜேம்ஸ் ரீசனின் துளை விழுந்த பாலாடைக்கட்டிப் படத்தை எல்லோரும் பயிற்சி வகுப்பில் பார்த்திருப்பார்கள். படத்தோடு நிறுத்தாமல் புத்தகத்தையும் படிக்க வேண்டும், அவ்வளவுதான். நேரமே இல்லாதவர்களுக்கு ரிச்சர்ட் குக் என்ற மயக்க மருந்து நிபுணர் எழுதிய ‘ஹவ் காம்ப்ளெக்ஸ் சிஸ்டம்ஸ் ஃபெயில்’ இருக்கிறது. 18 குறிப்புகள், சில பக்கங்கள். ஆலை எப்போதும் அரைகுறைப் பழுதோடுதான் ஓடுகிறது, அதை ஓடவைப்பவர்கள் அங்கே வேலை செய்பவர்கள் என்று ஒரு மருத்துவர் சொல்வது வியப்பாக இருக்கும்.

ஒரு திருத்தமும் உண்டு. இங்கிலாந்தின் ஃபிளிக்ஸ்பரோ வேதி ஆலையில் (1974) வெடிப்புக்கு முன் ஐந்தாவது ரியாக்டரை எடுத்துவிட்டு மாட்டிய தற்காலிக பைப் 28 அங்குலம் என்று கட்டுரையில் வந்திருக்கிறது. 28 என்பது இறந்தவர்களின் எண்ணிக்கை, இரு பக்க ரியாக்டர் வாய்களின் அளவும் அதுவே. பைப் 20 அங்குலம்தான், கைவசம் இருந்ததில் பெரியது அதுதான். இரு முனைகளிலும் துருத்திபோல் மடிப்புள்ள இணைப்புகளான பெல்லோஸ், நடுவில் இரண்டு வளைவுகள், கீழே சாரக்கட்டு. உள்ளழுத்தம் வளைவுகளை எதிரெதிர்த் திசையில் தள்ள, பக்கவாட்டு விசைக்கென்று வடிவமைக்கப்படாத பெல்லோஸ் அதைத் தாங்க வேண்டியதாயிற்று. வளைவுகளால் வரும் இந்த விசைகளுக்கான கணக்கு போடப்படவில்லை, பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்த படம்தான் அதற்கு இருந்த ஒரே வரைபடம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்