நீ பாதியில் தூங்கிய படம்

அன்புள்ள முத்து,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேத்தியின் காதுகுத்து நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். இங்கே எல்லோரும் நலம். சின்னவன் பெங்களூருக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. மற்றபடி மாத்திரை, நடை, செய்தித்தாள் என்று பொழுது போகிறது.

முக்கால் கடிதம் ஹிட்ச்காக் எடுத்த ‘வெர்டிகோ’ படத்தைத் திட்டித்தான் எழுதியிருக்கிறாய். மருமகன் சொன்னாரே என்று உட்கார்ந்தாய். காருக்குப் பின்னால் கார் போவதைப் பார்த்துக் கண்ணயர்ந்தாய். விழித்துப் பார்த்தால் இன்னும் கார் போய்க்கொண்டே இருந்தது. படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். “இதைப் போய் உலகத்திலேயே சிறந்த படம் என்று எந்தப் புண்ணியவான் சொன்னது?” என்று கேட்டிருக்கிறாய். ஒருவர் இல்லை, நிறையப் பேர் சொன்னார்கள். அதற்கு அப்புறம் வருகிறேன். நீ சொன்னதைச் சொன்னவர்களும் நிறையப் பேர்தான்.

1958 மே மாதம் படம் வெளிவந்தபோதே அமெரிக்காவில் இந்தப் புலம்பல் தொடங்கிவிட்டது. ஒரு கொலைக் கதைக்கு இவ்வளவு மெதுவும் ஆகாது, இவ்வளவு நீளமும் ஆகாது என்று ‘வெரைட்டி’ பத்திரிகை எழுதியது. நம்பவே முடியாத அபத்தம் என்றது ‘நியூயார்க்கர்’ பத்திரிகை. படுதோல்வி இல்லை, போட்ட பணம் வந்துவிட்டது. ஆனால் ஹிட்ச்காக் பெயரைப் பார்த்தே கூட்டம் வந்த காலம் அது; அந்தக் கணக்குக்கு இது ஏமாற்றம்தான். ஐம்பது வயது ஜேம்ஸ் ஸ்டூவர்ட் இருபத்தைந்து வயது கிம் நோவாக்கின் பின்னால் சுற்றியது எடுபடவில்லை என்று ஹிட்ச்காக் நினைத்தாராம். அதோடு ஸ்டூவர்ட்டை வைத்து அவர் படமே எடுக்கவில்லை. சரி, அடுத்த படத்துக்கு யாரைக் கூப்பிட்டார் தெரியுமா? கேரி கிராண்டை. அவர் ஸ்டூவர்ட்டைவிட நாலு வயது மூத்தவர்! படம் ஓடாவிட்டால் பழி யார் தலையிலாவது விழத்தானே வேண்டும். நம்மூரில் மட்டுமா?

கதை அபத்தம் என்று சொன்னவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. பெண்டாட்டியைக் கொல்ல நினைக்கிறவன், அவளைப் போலவே இருக்கும் ஜூடி என்ற இன்னொருத்தியை (கிம் நோவாக்) தேடிப் பிடித்து, ஆவி புகுந்தவள் மாதிரி நடிக்க வைத்து, உயரத்தைக் கண்டால் தலைசுற்றும் ஒரு பழைய போலீஸ்காரனை (ஸ்டூவர்ட்) சாட்சிக்குப் பிடித்து, அவன் மணிக்கூண்டுப் படியில் பாதிக்கு மேல் ஏற மாட்டான் என்பதை நம்பி இவ்வளவையும் செய்வானா? அந்த ஆள் எப்படியோ ஏறிவிட்டால்? யோசிக்க ஆரம்பித்தால் திட்டம் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். ஆனால் அந்தத் திட்டத்தை நம்ப வைப்பதற்காக எடுத்த படம் இல்லை இது.

மெதுவைப் பற்றித்தான் நீ கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டாய். பெண்டாட்டியாக நடிக்கிறவள் பச்சைக் காரில் போகிறாள். பூக்கடை, கல்லறை, ஓவியக் கூடம், பழைய ஓட்டல் என்று அவள் போகிற இடத்துக்கெல்லாம் அந்தப் பழைய போலீஸ்காரன் பின்னாலேயே போகிறான். ஏறக்குறையப் பேச்சே இல்லை, பெர்னார்ட் ஹெர்மனின் இசை மட்டும். அந்தக் காலத்தில் திரைப்படச் சங்கத்தில் நான் இதைப் பார்த்தபோது எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர், “பூ வாங்கியாச்சு, அடுத்து எங்கப்பா?” என்று சத்தமாகவே கேட்டார். பாதி அரங்கம் சிரித்தது.

சிரித்தாலும், அந்த ஓவியக் கூடத்தை மறுபடி ஒரு தடவை பார். அவள் ஒரு பெண்ணின் ஓவியத்துக்கு முன்னால் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். இவன் பின்னால் நிற்கிறான். கேமரா அவள் பக்கத்தில் இருக்கும் பூச்செண்டைக் காட்டிவிட்டு ஓவியத்தில் இருக்கும் பூச்செண்டுக்குப் போகிறது. அப்புறம் அவள் பின்னந்தலையில் சுருட்டி முடித்த கொண்டை, ஓவியத்திலும் அதே சுருள் கொண்டை. ஒரு வார்த்தை பேசாமல் ஒருவனுக்குப் பித்துப் பிடிப்பதைக் காட்டுகிறார்கள். இதை வேகமாகக் காட்ட முடியாது. துப்பறிகிறவன் தடயத்தைப் பார்ப்பான், கடிகாரத்தைப் பார்ப்பான். இவன் அவளையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். நாமும் கூடவே நின்றால்தான், பிற்பாதியில் இவன் செய்வது எவ்வளவு அசிங்கம் என்று உறைக்கும், அதே நேரம் இவன் மேல் பரிதாபமும் வரும்.

“முக்கால்வாசிப் படத்தில் குட்டை உடைத்துவிட்டால் மிச்சப் படம் எதற்கு?” என்று கேட்டிருக்கிறாயே, இது ஹிட்ச்காக்குக்கே இருந்த சந்தேகம். மூலக்கதை ஒரு பிரெஞ்சு நாவல். அதில் ரகசியம் கடைசியில்தான் உடையும். படத்தில் ஜூடி ஒரு கடிதம் எழுத உட்கார்ந்து, நடந்ததெல்லாம் நமக்குத் தெரியும்படி செய்துவிட்டு அதைக் கிழித்துப் போடுகிறாள். அந்தக் காட்சியை வைப்பதா எடுப்பதா என்று கடைசி வரை இழுபறி. வெட்டியும் விட்டார்கள். பாரமவுண்ட் தலைவர் பார்னி பலபான் சொன்ன பிறகுதான் திரும்பச் சேர்த்தார்கள். முதலாளி தலையிட்டு ஒரு படம் உருப்பட்டது அபூர்வம், அதில் இது ஒன்று.

ஏன் உருப்பட்டது என்கிறேன் என்றால், கடிதக் காட்சி இல்லாவிட்டால் நாம் கடைசி வரை “இவள் யார்?” என்று மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம். அது விடுகதை. தெரிந்த பிறகு, தான் காதலித்தவள் செத்துவிட்டாள் என்று நம்பும் இவன், அவளைப் போலவே ஆக்க ஜூடியைத் துணிக்கடைக்கு இழுத்துப் போய் அதே சாம்பல் நிற உடையைத் தேடும்போதும், தலைமுடிக்குச் சாயம் போடச் சொல்லும்போதும் நாம் அவள் பக்கம் போய்விடுகிறோம். “நான் நானாக இருந்தால் உனக்குப் போதாதா?” என்று அவள் தவிப்பது நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை. ஓட்டல் அறையில் எல்லாம் சரியாக வந்த பிறகும் முடியை மட்டும் அவள் கொண்டையாக முடியாமல் வந்து நிற்பாள். அதுதான் அவள் தனக்கென்று மிச்சம் வைத்திருந்தது. அதையும் முடித்துக்கொண்டு வா என்கிறான். ஜன்னலுக்கு வெளியே எரியும் விளக்குப் பலகையின் பச்சை வெளிச்சத்தில், பேய் மாதிரி அவள் திரும்பி வருகிறாள். இதில் கத்தி இல்லை, ரத்தம் இல்லை. நான் பார்த்த எந்தத் திகில் படத்திலும் இவ்வளவு பயங்கரத்தைப் பார்த்ததில்லை. நீ இந்த இடத்தில் முழித்திருந்தாயா, இல்லையா?

“வில்லன் என்னடா ஆனான்?” என்ற கேள்விக்குப் பதில், ஒன்றும் ஆகவில்லை என்பதுதான். ஐரோப்பாவுக்குப் போய் நிம்மதியாக இருக்கிறான். இதே கருவை எடுத்துக்கொண்டு 1965இல் நம்மவர்கள் ‘கலங்கரை விளக்கம்’ எடுத்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? மணிக்கூண்டுக்குப் பதில் மாமல்லபுரத்துக் கலங்கரை விளக்கம். ஆவியாகப் புகுந்ததாகச் சொன்ன, ஓவியத்தில் இருந்த கொள்ளுப்பாட்டிக்குப் பதில் பல்லவர் காலத்துச் சிவகாமி. எம்.ஜி.ஆர் இருக்கும்போது வில்லன் ஐரோப்பாவுக்குப் போய்விட முடியுமா? மூச்சுவிட ‘பொன்னெழில் பூத்தது’, ‘காற்று வாங்கப் போனேன்’ என்று விஸ்வநாதன் பாட்டு வேறு. கேலி செய்யவில்லை, அது நல்ல படம்தான். ஆனால் அங்கே நாயகன் காப்பாற்றுகிறவன். இங்கே அவன்தான் நோய். எம்.ஜி.ஆர் ஒரு பெண்ணுக்கு வலுக்கட்டாயமாக முடிக்குச் சாயம் போட வைப்பதை நம்மூர்க் கொட்டகையில் யார் பார்த்திருப்பார்கள்? திரையைக் கிழித்திருப்பார்கள்.

இப்போது அந்தப் புண்ணியவான்கள் விஷயம். லண்டனில் ‘சைட் அண்ட் சவுண்ட்’ என்று ஒரு பத்திரிகை. பத்து வருடத்துக்கு ஒரு தடவை விமர்சகர்களிடம் ஓட்டு வாங்கிப் பட்டியல் போடும். ‘வெர்டிகோ’ ரொம்ப வருடம் எங்கேயும் திரையிடப்படாமல் முடங்கிக் கிடந்தது. ஹிட்ச்காக் 1980இல் இறந்த பிறகுதான், 1983 வாக்கில் மறுபடி வெளியே வந்தது. ஆனால் பார்க்கவே கிடைக்காத 1982லேயே அந்தப் பட்டியலின் முதல் பத்துக்குள் வந்துவிட்டது! ஒவ்வொரு தடவையும் ஏறி, 2012இல் முதலிடம். ஐம்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருந்த ‘சிட்டிசன் கேன்’ இறங்கிக்கொண்டது. 2022இல் இது இரண்டாமிடம். முதலிடத்துக்கு வந்தது ‘ழான் டீல்மன்’. மூணே கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். ஒரு பெண் சமையலறையில் உருளைக்கிழங்கு தோல் சீவுவதை நிறுத்தி நிதானமாகக் காட்டுவார்கள். மருமகனிடம் சொல்லிவிடாதே, அடுத்து அதைப் போட்டுவிடப் போகிறார்.

இந்த முதலிடம் படத்துக்குக் கெடுதல் செய்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. 1958இல் கொலைக் கதை என்று வந்து உட்கார்ந்தவன் ஏமாந்தான். இப்போது உலகத்தின் தலைசிறந்த படம் என்று வந்து உட்காருகிறவன், கையைக் கட்டிக்கொண்டு “எங்கே, காட்டு பார்ப்போம்” என்கிறான். நீயும் அப்படித்தான் உட்கார்ந்திருப்பாய். பட்டியலைத் தூக்கிக் குப்பையில் போடு. துணிக்கடைக் காட்சியிலிருந்து கடைசி வரை மட்டும் ஒரு தடவை பார். அதற்கு அப்புறமும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுகிறேன்.

பொங்கலுக்கு இந்தப் பக்கம் வருவதாக எழுதியிருந்தாயே, தேதி முடிவானதும் சொல். கண் புரைக்கு நாள் குறித்தாயா? தள்ளிப் போடாதே. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். அவள் போன தடவை கொடுத்துவிட்ட நார்த்தங்காய் ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்பதையும் மறக்காமல் சொல்லிவிடு.

அன்புடன்,
உன் சேது