‘உல்லாசப் படகு’ என்ற சொல் பொருந்துமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இதழில், பாய்மரப் படகில் பெருங்கடல்களைக் கடக்கும் தம்பதியர் குறித்து வெளியான கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் கட்டுரை நெடுகிலும் அவர்களுடைய படகை ‘உல்லாசப் படகு’ என்றும் அவர்கள் போக்கை ‘உல்லாசப் பயணம்’ என்றும் குறிப்பிட்டிருந்தது நெருடலாக இருந்தது. மலேசியாவின் லங்காவித் தீவில் ஒரு படகுப் பட்டறையில் இருபத்திரண்டு ஆண்டுகளாக இயந்திரம் பழுதுபார்ப்பவன் நான். அந்த உரிமையில் இதை எழுதுகிறேன்.

மாலுமிகளையும் சமையற்காரரையும் சம்பளத்திற்கு வைத்துக்கொண்டு செல்வந்தர்கள் வலம்வரும் படகை அப்படி அழைப்பதில் எனக்கு மறுப்பில்லை. எங்கள் பட்டறையில் நிற்பவையோ பெரும்பாலும் முப்பது, நாற்பது அடி நீளமே உள்ளவை. கணவனும் மனைவியுமாக இருவர் மட்டுமே செலுத்துபவை. படகைக் கரையேற்றி, இருபுறமும் முட்டுக்கொடுத்து நிறுத்திவிட்டு ஊருக்குப் போகிறவர்கள், நவம்பர் வாக்கில் திரும்பி வருகிறார்கள். டிசம்பர் கடைசியிலிருந்து வடகிழக்குப் பருவக்காற்று, அதாவது நம் வாடை, வங்கக் கடலில் நிலைத்து வீசத் தொடங்கும். அதைப் பிடித்து மேற்கே போனால் இலங்கையின் காலித் துறைமுகம் சுமார் 1,150 கடல் மைல்; நாளொன்றுக்கு 120 மைல் ஓடினாலும் பத்து நாள் ஆகும். திரும்பி வந்ததற்கும் கிளம்புவதற்கும் இடைப்பட்ட வாரங்களில் நடப்பதை உங்கள் கட்டுரை ‘படகைத் தயார்செய்துகொண்டு புறப்பட்டனர்’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. சொல்ல வேண்டியது அந்த வாரங்களில்தான் இருக்கிறது.

கடந்த ஆண்டு வந்த ஒரு தம்பதியைச் சொல்கிறேன். இருவருக்கும் அறுபதைத் தாண்டிய வயது. ஏழு மாதம் பூட்டிக் கிடந்த படகின் கதவைத் திறந்ததும் பூஞ்சை வாடை முகத்தில் அடித்தது. மெத்தைகள் பச்சை பூத்திருந்தன. பேட்டரிகள் செத்திருந்தன. அடிப்பகுதியில் கடல்நீர் புகவும் வெளியேறவும் வைத்திருக்கும் வால்வுகளில் இரண்டு இறுகிப்போய் அசைய மறுத்தன. இவையெல்லாம் வழக்கமானவைதாம். என்னைத் திணறடித்தது இயந்திரம். தண்ணீர்க் குழாயை மாட்டி ஓடவிட்டால் கால் மணி நேரம் நன்றாக ஓடும், பிறகு இருமி இருமி நின்றுவிடும். டீசல் வடிகட்டியை மாற்றினேன், பம்பைக் கழற்றிப் பார்த்தேன், குழாய்களில் காற்று புகுந்திருக்குமோ என்று ஒவ்வோர் இணைப்பாகச் சோதித்தேன். இரண்டு நாள் போயிற்று. மூன்றாம் நாள் காலை அந்த அம்மா ஏணியில் ஏறி, டீசல் தொட்டிக்குக் காற்று போகும் சிறு குழாயின் வாயில் ஒரு கம்பியை விட்டுக் குடைந்தார். உலர்ந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. குளவி கூடு கட்டியிருந்தது! காற்று உள்ளே போக வழியில்லாததால் தொட்டியிலிருந்து டீசல் வர மறுத்திருக்கிறது. தொழில் தெரிந்த நான் அங்கே பார்க்கவில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மலாக்கா நீரிணையின் வாயில், இரவும் பகலும் சரக்குக் கப்பல்கள் சாரிசாரியாகப் போகும் தடத்தின் குறுக்கே, காற்று விழுந்த ஓர் இரவில் அந்த இயந்திரம் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

படகைத் தண்ணீரில் இறக்குமுன் அடிப்பகுதியில் சிப்பி போல ஒட்டி வளர்ந்திருந்த பழைய கொட்டலசுகளைச் சுரண்டி, பாசி பிடிக்காத சாயத்தை இருவருமாகவே பூசினார்கள். பிறகு மனைவி, கயிற்றை இழுக்கும் உருளையான வின்ச்சைச் சுற்ற, கணவர் கயிற்றில் தொங்கியபடி பாய்மரத்தின் உச்சிக்குப் போனார். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளின் முனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது, ஒன்றில் மயிரிழை போன்ற வெடிப்பு தெரிந்தது. ஒன்று போனால் பாய்மரமே போகும் என்பதால், பன்னிரண்டு ஆண்டுப் பழமையான அத்தனை கம்பிகளையும் மாற்றினார்கள். அதற்கான தொகையைக் கேட்டால் ‘உல்லாசம்’ என்ற சொல் எவர் வாயிலும் வராது. மளிகைச் சாமான்களை அட்டைப்பெட்டியோடு படகில் ஏற்றவில்லை. அட்டையின் மடிப்புகளில் கரப்பான் முட்டை இருக்கும் என்பதால், படகுத்துறையிலேயே பெட்டிகளைப் பிரித்துப்போட்டார்கள்.

இத்தனை எச்சரிக்கைக்கும் காரணம் உண்டு. 1973 மார்ச்சில் மாரிஸ் பெய்லி, மரலின் பெய்லி என்ற ஆங்கிலேயத் தம்பதியின் படகு, பனாமாவிலிருந்து கலாபகஸ் தீவுகளை நோக்கிப் போகையில் திமிங்கலம் மோதி மூழ்கியது. தகவல் அனுப்பும் வானொலிக் கருவி வேண்டாம் என்று அவர்களே முடிவுசெய்திருந்தார்கள். ரப்பர் மிதவையில் நான்கு மாதம் போல மிதந்து, ஊக்குகளை வளைத்துத் தூண்டிலாக்கி மீன் பிடித்து உயிர் வாழ்ந்தவர்களை ஒரு கொரிய மீன்பிடிக் கப்பல் காப்பாற்றியது. பல கப்பல்கள் அவர்களைக் காணாமலே கடந்து போயிருந்தன. பின்னர் அவர்களே புதுப் படகு கட்டிக்கொண்டு மீண்டும் கடலேறினார்கள் என்பது வேறு. இன்று படகு மூழ்கினால் 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் செயற்கைக்கோளுக்கு அபாய அறிவிப்பு அனுப்பும் கருவி இருக்கிறது. நான் சொன்ன தம்பதி அதன் பேட்டரிக் காலாவதித் தேதியைத்தான் முதல் நாளே பார்த்தார்கள்.

அவர்கள் துறவிகள் அல்லர். மாலையில் படகின் பின்தளத்தில் ஒரு குவளை பீரோடு உட்கார்ந்து சூரியன் மறைவதைப் பார்க்கவும் செய்வார்கள்; உங்கள் கட்டுரையோடு வந்த படமும் அதுதான். ஆனால் கரை மறைந்த பிறகு மூன்று மணி நேரத்திற்கு ஒருவர் மாறி இராக்காவல் இருப்பதை யாரும் படம் எடுப்பதில்லை. இன்னொன்றும் தோன்றுகிறது. நம் கல்வெட்டுகள் கடாரம் என்று சொல்லும் இந்தக் கெடா மண்ணில், காற்று திரும்பும்வரை காத்திருந்து, மரக்கலத்தைச் செப்பனிட்டுக்கொண்டு கிளம்பிய வணிகர்களை நாம் உல்லாசப் பயணிகள் என்று எழுதுவதில்லை. அவர்களுக்குக் கடலோடிகள் என்ற நல்ல சொல்லை வைத்திருக்கிறோம்.

ஆகவே, இனி இத்தகைய படகுகளைப் பற்றி எழுதும்போது ‘பாய்மரப் படகு’ என்றும், அவற்றைச் செலுத்துவோரைக் ‘கடலோடிகள்’ என்றும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தொடரின் அடுத்த பகுதி வெளிவருமுன் கட்டுரையாளர் ஒரு நாள் எந்தப் படகுப் பட்டறைக்காவது வந்து பார்த்தால் இன்னும் நல்லது. நவம்பர் மாதமாக இருக்கட்டும். பழைய உடை உடுத்தி வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
படகு இயந்திரப் பணியாளர் ஒருவர்,
லங்காவி, கெடா.