டெப்பெட் கவருக்குக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

நுவரெலியாவுக்கு அண்மையிலுள்ள எங்கள் தோட்டத்து வீட்டு முற்றத்தில், என் பழைய ஜப்பான் காரின் டெப்பெட் கவருக்கு, அதாவது என்ஜினின் மேற்பகுதியை மூடும் உலோக மூடிக்கு, பெயின்ட் அடித்து முடிக்க மூன்று வாரங்கள் பிடித்தன. ஒரே சனிக்கிழமையில் முடித்துவிடலாம் என்று தொடங்கிய வேலை அது. இடையில் உதவியவர்களுக்கு வாய்வார்த்தையாகச் சொன்ன நன்றி போதாது என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

முதல் நன்றி, பக்கத்து வீட்டு விஞ்ஞான ஆசிரியை அக்காவுக்கு உரியது. எண்ணெய்ப் பிசுக்கைப் போக்கக் காஸ்டிக் சோடா கரைத்துக்கொண்டிருந்த என்னை வேலிக்கு அப்பாலிருந்தே தடுத்து, "அலுமினியம் என்றால் கவரையே அரித்துவிடும் தம்பி" என்றார். ஒரு துண்டு அலுமினியக் கம்பியை அந்தக் கரைசலில் போட்டும் காட்டினார். அது நுரைத்துப் பொங்கியதைப் பார்த்தபின், மண்ணெண்ணெய்யும் சவர்க்காரத் தூளும் பழைய பல் பிரஷ்ஷுமே போதும் என்று அடங்கிவிட்டேன்.

கராஜ் பாஸ் அண்ணனுக்கு நான் பட்ட கடன் பெரிது. மணல் பீச்சிச் சுத்தம் செய்யலாமா என்று கேட்டபோது, கவரின் உட்புறத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் மணல் பிறகு எண்ணெயோடு இறங்கி பேரிங்குகளைத் தின்றுவிடும் என்று எச்சரித்து, கையாலேயே தேய்க்கச் சொன்னார். உட்புறத்திலும், எண்ணெய் கசியாமல் தடுக்கும் கேஸ்கட் உட்காரும் பள்ளத்திலும் ஒரு துளி பெயின்ட்கூடப் படக்கூடாது என்று டேப் ஒட்டியும் கொடுத்தார். முன்பு வேறொரு கராஜில் சுற்றிலும் அப்பியிருந்த சிலிக்கன் பசையைச் சுரண்டியெடுக்கவே எனக்கு ஒரு மாலைப்பொழுது போயிற்று. மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு வைத்தால் போதுமாம்.

முதல் பூச்சைக் கெடுத்தது எங்கள் ஊர் மூடுபனி. பிற்பகலில் ஸ்ப்ரே அடித்து நிமிர்வதற்குள் பனி இறங்கி, சிவப்பின்மேல் பால் படிந்ததுபோல் வெளுத்துவிட்டது. தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது, அதில் காற்றின் ஈரம் படிகிறது என்று விளக்கிய ஹார்ட்வெயார் கடைத் தம்பி, வெயில் ஏறிய பத்து மணிக்குப் பிறகு, மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றுக்கும் இடையே பத்து நிமிடம் விட்டு அடிக்கச் சொன்னார். 1868 மீற்றர் உயரத்தில் வாழ்பவனுக்கு அதைக் கடைக்காரர் சொல்லவேண்டியிருந்தது சற்று வெட்கம்தான்.

பெயின்ட்டைச் சூட்டில் இறுக்க, தேயிலை ஸ்டோரில் (தொழிற்சாலையில்) கொழுந்தை உலர்த்தும் டிரையர் பக்கம் வைக்கலாமா என்று டீமேக்கர் ஐயாவிடம் கேட்டது என் அறியாமை. எந்த வாசனையையும் தேயிலை இழுத்துக்கொள்ளும் என்று சிரித்தபடி மறுத்தவர், மறுநாளே தன் வீட்டில் சமையலுக்கு உதவாமல் கிடந்த மின்சார ஓவனைத் தூக்கிவந்து தந்தார். அதை முற்றத்தில் வைத்து, 95 பாகையில் ஒரு மணிநேரம் சூடாக்கினேன். அன்று துவைத்துக் காயப்போட்டிருந்த துணிகளில் ஏறிய பெயின்ட் வாடையைப் பொறுத்துக்கொண்ட அம்மாவுக்கும் நன்றி.

புதிய கேஸ்கட்டுடன் கவரைப் பூட்டி, போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிச் சிறிது சிறிதாக இறுக்கி, அரைமணி நேரம் என்ஜினை ஓடவிட்டபின், பாஸ் அண்ணன் வெள்ளைக் கடதாசியால் நான்கு மூலைகளையும் துடைத்துப் பார்த்தார். கடதாசியில் எண்ணெய்க் கறை இல்லை.

டீமேக்கர் ஐயா, ஓவன் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது; வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தக் காரிலேயே கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இங்ஙனம்,
நன்றியுடன்,
சிவப்புக் கவர்க்காரன்