இளவரசி உடைக்கு மூன்று வார அவகாசம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் வீட்டிலேயே தையல் இயந்திரம் வைத்து இருபத்தேழு ஆண்டுகளாகக் குழந்தைகளின் உடைகளைத் தைத்து வருபவள் நான். நவம்பர் 14 குழந்தைகள் தினத்தை ஒட்டியும், பிறகு ஆண்டு விழா நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களிலும் எங்கள் வீட்டு வாசலில் தவறாமல் நடக்கும் ஒன்றைப் பள்ளி நிர்வாகிகளின் கவனத்திற்குக் கொண்டுவரவே இதை எழுதுகிறேன். திங்கட்கிழமை மாறுவேடப் போட்டி, எல்.கே.ஜி. பெண் குழந்தைகள் இளவரசி வேடத்தில் வர வேண்டும் என்று வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வருகிறது. வெள்ளிக்கிழமை காலை, தரையில் புரளும் நீல நிற கவுன் ஒன்றின் படத்தைச் செல்பேசியில் காட்டி, "அக்கா, இதே மாதிரி வேண்டும்" என்று தாய்மார்கள் வந்து நிற்கிறார்கள். இரண்டு பேருக்குச் சரி என்பேன். மற்றவர்கள் வாடகைக் கடையைத் தேடிப் போகிறார்கள்.

சென்ற ஆண்டு அப்படிப் போனவர்களில் என் மகளும் ஒருத்தி. ஊரார் பிள்ளைகளின் உடைகளை முடித்துக் கொடுப்பதிலேயே என் நாள்கள் போய்விட்டதால் நான்கு வயதுப் பேத்திக்கு வாடகை உடைதான் வாய்த்தது. அன்று மாலை அதைக் கழற்றியபோது இடுப்பைச் சுற்றி நூல் கட்டி இழுத்தது போல் சிவந்த கோடு இருந்தது. தொடையெல்லாம் பொரிப் பொரியாகத் தடித்திருந்தது. உடையை உள்புறம் திருப்பிப் பார்த்தேன். தோலுக்கும் மேல்துணிக்கும் நடுவே கொடுக்கும் உள்துணியான லைனிங்கே இல்லை. நெட் துணியின் வெட்டு விளிம்பு நேராகத் தோலில் உரசும்படி வைத்து, விளிம்பைச் சுற்றி நூல் பின்னும் ஓவர்லாக் தையல் அடித்திருந்தார்கள். நெட் துணிக்குப் பிசிறு வராது என்பதால் விளிம்பை மடித்துத் தைக்க வேண்டியதில்லை. ஆனால் பிசிறு வராத அதே விளிம்புதான் குழந்தையின் தோலில் அரம் போல உரசும்.

இந்த உடையைச் சரியாகத் தைப்பதற்கு ஏன் நாள் பிடிக்கிறது என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நான்கு வயதுக் குழந்தைக்கு மார்பு 22 அங்குலம் என்றால் இடுப்பும் ஏறத்தாழ அதே அளவுதான் இருக்கும். பெரியவர்களைப் போல் பாவாடையைப் பிடித்து நிறுத்த இடுப்பு வளைவு கிடையாது. ஆகவே பாவாடையின் எடை முழுவதும் மேல்சட்டை வழியாகத் தோளில்தான் தொங்க வேண்டும். இறுக்கமான எலாஸ்டிக் வைத்து இடுப்பில் நிறுத்தப் பார்ப்பதால்தான் கோடு விழுகிறது. "பிரின்சஸ் கட் வைத்துத் தையுங்கள்" என்று சில தாய்மார்கள் கேட்பதுண்டு. பெயர்ப் பொருத்தத்தை நினைத்துச் சிரித்துக்கொள்வேன். அது பெரியவர்களின் ரவிக்கையில் மார்பின் வடிவத்திற்கேற்பத் துணியைத் துண்டாக்கி இணைக்கும் வெட்டு. நான்கு வயது இளவரசிக்கு அதனால் ஆகக்கூடிய வேலை எதுவும் இல்லை.

பாவாடைக்கு முழு வட்ட வெட்டுதான் அழகு. 22 அங்குல இடுப்பை 6.28 ஆல் வகுத்தால் உள்வட்டத்தின் ஆரம் மூன்றரை அங்குலம் வரும். அதோடு 18 அங்குல நீளத்தைக் கூட்டினால் இருபத்தொன்றரை, இரட்டித்தால் 43. ஆக, 44 அங்குல அகலமுள்ள சாட்டின் துணி ஒன்றேகால் மீட்டர் இருந்தால் போதும், ஒட்டுப்போடாமல் முழு வட்டமும் கிடைத்துவிடும். கணுக்காலுக்கு மேல் இரண்டு அங்குலம் தூக்கலாக நிற்கும் என்பதால் மேடைப் படியில் குழந்தை தடுக்கி விழாது. ஆனால் வெட்டிய கையோடு கீழ்விளிம்பை மடித்துத் தைத்துவிடக் கூடாது. வட்டப் பாவாடையில் கிராஸில், அதாவது துணியின் இழைக்குச் சாய்வாக, அமையும் இடங்கள் தம் எடையிலேயே கீழே இறங்கும். ஓர் இரவு முழுவதும் ஆணியில் தொங்கவிட்டு, காலையில் மேசைமேல் விரித்து, இறங்கிய இடங்களைச் சமமாக வெட்டிய பிறகே மடிக்க வேண்டும். அவசரத்தில் தைத்த கவுன்கள் நான்கு பக்கமும் ஏற்ற இறக்கமாகத் தொங்குவது இதனால்தான். அதைத் தையற்காரரின் கைக்குறை என்று நினைத்துவிடுகிறார்கள்.

உள்ளே குடை போல விரித்து நிறுத்தும் கேன்கேன் நெட்டுக்கு இன்னும் பொறுமை தேவை. மூன்று அடுக்கையும் சுருக்கி இடுப்புத் தையலிலேயே சேர்த்தால் வயிற்றைச் சுற்றி வடம் கட்டியது போல் தடித்துப்போகும். சாப்பிட்டவுடன் குழந்தை அழத் தொடங்கிவிடும். ஆகையால் பருத்தித் துணியில் ஓர் உள்பாவாடை தைத்து, இடுப்புக்கு நான்கு அங்குலம் கீழே அதன் வெளிப்புறத்தில் நெட்டை வைத்துத் தைப்பேன். உள்பாவாடை நெட்டைவிட ஓர் அங்குலம் நீளமாக இருந்தால் நெட் எங்கும் காலில் படாது. அக்குளிலும் கழுத்திலும் பருத்தியில் கிராஸ் துண்டு வெட்டி, விளிம்பை மூடும் மெல்லிய பட்டியாகப் பைப்பிங் கொடுத்துவிட்டால் உரசலும் அடங்கிவிடும். முதுகில் ஜிப் வைத்தால் அதன் பின்னால் இரண்டு விரல் அகலத்தில் துணிப்பட்டி ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் தோலைக் கவ்வும். ஒட்டுக் கற்கள் வேண்டாம் என்பேன். அவை உதிரும், உதிர்ந்தவை வாய்க்குப் போகும்.

யாரும் பேசாத ஒன்று கழிவறை. காலை எட்டு மணிக்கு உடையை மாட்டி, பதினொரு மணி நிகழ்ச்சிக்காகக் காத்திருக்கும் குழந்தை, தனியாக அந்தக் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழிவறைக்குப் போக முடியாது. உடை நனைந்துவிடும் என்று பயந்து தண்ணீர் கொடுக்காமலேயே அனுப்பும் தாய்மார்களை எனக்குத் தெரியும். என் பேத்தியும் அன்று வீடு திரும்பியதும் சொன்ன முதல் வார்த்தை, "அம்மாச்சி, தண்ணி" என்பதுதான். மேல்சட்டையோடு உள்பாவாடையை மட்டும் சேர்த்துவிட்டு, வெளிப்பாவாடையைத் தனியாகத் தைத்து இடுப்பில் நான்கு பொத்தான்களால் மாட்டும்படி அமைத்தால், எடையும் தோளுக்கே போகும், ஆயாம்மா ஒரே நொடியில் கழற்றி மாட்டவும் முடியும். இதற்குக் கூடுதலாக ஒரு மணி நேரம்தான் ஆகும். அந்த ஒரு மணி நேரம் வெள்ளிக்கும் திங்களுக்கும் இடையில் கிடைப்பதில்லை.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். இஸ்திரிப் பெட்டியைப் பருத்திச் சூட்டில் வைத்து நைலான் நெட்டின் மேல் தவறிவிட்டால் அது கண் முன்னே சுருண்டு பெட்டியின் அடியில் பசையாக ஒட்டிக்கொள்ளும். சுரண்டி எடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். குத்துவிளக்கின் சுடர் பட்டாலும் இப்படித்தான் உருகி ஒட்டும். அப்போது அடியில் இருப்பது குழந்தையின் தோல். பருத்தியும் எரியக்கூடியதுதான், ஆனால் உருகி ஒட்டாது. தீபாவளிக்குப் பருத்தி உடை அணியுங்கள் என்று ஆண்டுதோறும் அறிவுறுத்துகிறார்கள். அதே குழந்தைகளைக் குத்துவிளக்கு எரியும் மேடையில் மூன்று அடுக்கு நைலானோடு நிறுத்துகிறோம். பொம்மைகளுக்கு இந்திய தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயமாகியுள்ளது; அவை தீப்பற்றும் தன்மையைச் சோதிக்கும் தரநிலையில் குழந்தைகள் விளையாட்டாக அணியும் வேட உடைகளும் அடங்கும். நான் புரட்டிப் பார்த்த வாடகை உடைகள் ஒன்றில்கூட அப்படியொரு முத்திரையைக் கண்டதில்லை.

செலவு ஆகுமே என்பார்கள். ஐந்தரை மீட்டர் புடவை ஒன்று பீரோவில் சும்மா கிடக்காத வீடு குறைவு. கரையைக் கீழ்விளிம்பாகவும் முந்தானையை மேல்சட்டையாகவும் வைத்து, புடவையின் நீளவாக்கில் சுருக்கு வைத்துத் தைத்தால் ஓர் இளவரசி உடை வந்துவிடும். பட்டுப்பாவாடைக்கு உள்ளே மடிப்பு வைத்துத் தைத்து, குழந்தை வளர வளர ஆண்டுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்ட தலைமுறை நாங்கள். சுருக்கிய பாவாடைக்கும் அப்படி இரண்டு மடிப்பு விட்டால் உடை இன்னும் இரண்டு ஆண்டுக்கு வரும். எங்கள் ஊர் மீனாட்சி அம்மன் கோயிலுக்கு எதிரே உள்ள புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே உட்கார்ந்து, அழகர் திருவிழாவில் வேடமிடுவோருக்கும் பள்ளி நாடகங்களுக்கும் தைத்துக் கொடுத்த தையற்காரர்கள் சில ஆண்டுகளுக்கு முன் குன்னத்தூர் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கிறார்கள். நாள் கொடுத்தால் இந்த உடைகளையும் அவர்கள் பாங்காகத் தைத்துத் தருவார்கள். புடவையில் தைத்த உடையோடு வந்த ஒரு குழந்தையைப் பார்த்து, படத்தில் இருப்பது போல் இல்லையே என்று ஓர் ஆசிரியை சொன்னதாக அதன் தாய் வந்து வருந்தினார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் தன் கொடைகளால் இடம்பெற்ற குந்தவையும் இளவரசிதான். அவர் நீல நிற நெட் கவுன் அணிந்ததாக நான் எங்கும் படித்ததில்லை.

ஆகவே பள்ளி நிர்வாகிகளிடம் நான் கேட்பது இதுதான். மாறுவேடப் போட்டிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்னதாகச் சுற்றறிக்கை அனுப்புங்கள். உள்ளே பருத்தி லைனிங் இருக்க வேண்டும், உடை கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும், கழிவறைக்குப் போகும்போது எளிதில் கழற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் அதிலேயே குறிப்பிடுங்கள். வீட்டில் தைத்த உடையும் கடை உடையும் ஒன்றாகவே மதிப்பிடப்படும் என்று ஒரு வரி சேருங்கள். மேடைக்கு ஏறும் வரை குழந்தைகள் சாதாரண உடையில் இருக்கட்டும். வரும் நவம்பர் 14க்கான செய்தி அக்டோபர் மூன்றாம் வாரத்திற்குள் வந்துவிட்டால், வட்டப் பாவாடையை ஓர் இரவு தொங்கவிட எனக்கும் என்னைப் போன்றவர்களுக்கும் நேரம் கிடைக்கும்.

இப்படிக்கு,
தையற்கலைஞர் ஒருவர்,
மதுரை.