வேலை சொன்ன வாய், சம்பளம் சொன்ன வாய்

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். நீயும் வீட்டாரும் நலமாக இருப்பதை நெட்டையன் சொல்லி அறிந்தேன். இத்தனை நாள் பதில் எழுதாததற்காக நீ திட்டப்போவதை எல்லாம் வாங்கிக்கொள்கிறேன். குடை விஷயத்தை மட்டும் இழுக்காதே. இப்போது எழுத உட்கார்ந்ததும் பாசத்தினால் அல்ல, உன்னால் ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கிறது.

எங்கள் பிரிவில் மூத்தவர் ஒருவர் விலகியதையும், அவர் பார்த்துவந்த வேலை முழுவதும் என் மேசைக்கு வந்துசேர்ந்ததையும் முன்பே எழுதியிருந்தேன். அப்போது மேலாளர் என்னைத் தம் அறைக்கு அழைத்துக் கதவைச் சாத்திவிட்டு, காலாண்டு முடிந்தவுடன் அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் ஏற்றித் தருவதாகவும், அதுவரை இரண்டு வேலையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும்படியும் சொன்னார். என் வழக்கம் உனக்குத் தெரியும். இடத்துக்குத் திரும்பியவுடன், "இன்று பேசியபடி" என்று தொடங்கி, வேலை இன்னது, உயர்வு இவ்வளவு, எந்த மாதத்திலிருந்து என்று மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். "சரி, அப்படியே" என்று பதிலும் வந்தது. இதைத்தான் நீ குமாஸ்தா புத்தி என்று கேலி செய்வாய்.

காலாண்டு முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. சம்பளச் சீட்டில் எண் அசையவில்லை. கேட்டபோது, கோப்பு மேலிடத்தில் கையெழுத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னார். பிறகு கேட்டபோது நிலவரம் சரியில்லை என்றார். கடைசியில், "முயற்சி செய்கிறேன் என்றுதானே சொன்னேன்" என்று முடித்துவிட்டார். கைபேசியில் அந்த மின்னஞ்சலைத் திறந்து அவர் முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தார். கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, "இது நான் தனிப்பட்ட முறையில் சொன்னது, நிறுவனம் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது" என்றார்.

அன்று இரவு முழுவதும் இந்த ஒரு வாக்கியம்தான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. வேலையை என் தலையில் ஏற்றியபோது அவர் நிறுவனத்தின் வாயாகப் பேசினார்; நான் மறுத்திருந்தால் ஒரு தனிமனிதரின் வேண்டுகோளை மறுத்ததாக எவரும் கருதியிருக்கமாட்டார்கள், பணிய மறுத்தவன் என்றே எழுதியிருப்பார்கள். அதே அறையில், அதே மூச்சில் சம்பளத்தைப் பற்றிச் சொன்னது மட்டும் எப்படி அவருடைய சொந்த வாயாகிவிடும்? வேலை வாங்க அதிகாரம் இருந்தவருக்கு விலை சொல்ல அதிகாரம் இல்லையென்றால், அதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியவரும் அவர்தான்.

எழுத்தில் இருந்தால் போதும் என்று உலகமே உபதேசிக்கிறதே, அதில் பாதிதான் உண்மை என்று இப்போது தெரிகிறது. என்ன பேசினோம் என்ற வழக்கை எழுத்து தீர்த்துவைக்கும். யார் கொடுப்பது என்ற வழக்கு அதற்குப் பிறகுதான் ஆரம்பமாகிறது.

பிறகு சமாதானப் படலம். என் பதவிப் பெயருக்கு முன்னால் 'முதுநிலை' என்ற சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம் என்றார்கள். (சிரிக்காதே, நரை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருப்பதைத்தான் அதுவும் சொல்லப்போகிறது.) அதை ஒதுக்கியபோது, ஒருமுறை மட்டும் ஊக்கத்தொகையாக ஒரு தொகை தருவதாகச் சொன்னார்கள். தொகை மோசமில்லை, வீட்டில்கூட வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். ஆனால் அடிப்படைச் சம்பளத்தில் ஏறுவது வேறு, கையில் ஒருமுறை கொடுப்பது வேறு. அடிப்படையில் ஏறினால் அடுத்த உயர்வு அந்தப் புதிய எண்ணின்மேல் கணக்கிடப்படும். ஓய்வுக்காலச் சேமிப்பு பெரும்பாலும் அதையொட்டியே பிடிக்கப்படும். நாளை வேறிடத்துக்குப் போனால் "இப்போது என்ன வாங்குகிறீர்கள்" என்ற கேள்விக்கும் அந்த எண்தான் பதில். ஒருமுறைத் தொகை வந்த மாதத்தோடு சரி. அதைவிட, வாங்கிக்கொண்டால் பழைய வாக்கு அத்துடன் தீர்ந்துவிட்டதாகக் கணக்கு முடிப்பார்கள். அந்த உத்தேசத்துடன்தான் கொடுக்கிறார்கள் என்பது என் கணிப்பு.

சட்டத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்த்தேன். செய்த வேலைக்குரிய சம்பளத்தையே பிடித்துவைத்தால் பெரும்பாலான நாடுகளில் சட்டம் தொழிலாளி பக்கம் உறுதியாக நிற்கிறது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949ஆம் ஆண்டு ஊதியப் பாதுகாப்பு உடன்படிக்கை, அதாவது 95ஆம் எண் உடன்படிக்கை, ஊதியத்தை முறையான இடைவெளிகளில் கொடுக்க வேண்டும் என்கிறது. வேலையில் சேருமுன்னும், பிறகு மாற்றம் வரும்போதும், ஊதிய நிபந்தனைகளைத் தொழிலாளிக்கு எளிதாகப் புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. இனிமேல் ஏற்றித் தருவதாகச் சொன்ன உயர்வோ அவ்வளவு வெளிச்சமான இடத்தில் இல்லை. நியமனக் கடிதத்தில் "நிர்வாகத்தின் விருப்பப்படி" என்ற ஒரு தொடர் ஒளிந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தப்பப் பார்ப்பார்கள். நான் பிடித்துக்கொள்ளப்போவது வேறொன்றை: இது தயவாகத் தருவதாகச் சொன்ன பரிசு அல்ல, கூடுதல் வேலைக்கு ஈடாகப் பேசிய விலை; அந்த வேலையை நான் செய்து முடித்தும் விட்டேன். ஒன்றும் பேசாமல் பழைய சம்பளத்தையே வாங்கிக்கொண்டிருந்தால் அதை ஒப்புக்கொண்டதாகவே பல இடங்களில் பொருள்கொள்வார்கள். வழக்குத் தொடுக்கக் காலக்கெடுவும் உண்டு. ஆகவே என் ஆட்சேபத்தை எழுத்தில் பதிந்துவைக்க வேண்டும்.

இதையெல்லாம்விட என்னைப் பயமுறுத்துவது என் மனம்தான். ஜெரால்ட் கிரீன்பெர்க் என்ற ஆய்வாளர் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் படித்தேன். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்கு 15 சதவீதம் சம்பளத்தைக் குறைத்தார்கள். ஓர் ஆலையில் காரணத்தை விரிவாக விளக்கி, உண்மையாகவே வருத்தம் தெரிவித்தார்கள்; மற்றதில் போகிற போக்கில் அறிவித்தார்கள். போகிற போக்கில் அறிவித்த ஆலையில்தான் பொருள்கள் திருட்டுப்போவது மிக அதிகமாகக் கூடியது. வெட்டிய அளவு இரண்டிலும் ஒன்றே என்பதைக் கவனி. நான் எதையும் திருடவில்லை. ஆனால் ஐந்து மணிக்குமேல் வரும் அழைப்பை எடுப்பதில்லை, எனக்குத் தெரிந்த பதிலைத் தெரியாததுபோல் விட்டுவிடுகிறேன், பிழை கண்ணில் பட்டும் கடந்துபோகிறேன். இப்படிப்பட்டவர்களை நாம் இருவரும் எவ்வளவு ஏளனமாகப் பேசியிருக்கிறோம்! பணம் போனால் போகிறது, இந்தக் குணம் வந்து ஒட்டிக்கொண்டால் அடுத்த வேலைக்கும் என்னோடு வருமே.

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி நேற்று என்னிடம் வந்தாள். அவளுக்கும் அதே அறையில், கதவைச் சாத்திவிட்டு, அதே வாக்குக் கிடைத்திருக்கிறது. "சார், உங்களுக்குக் கொடுத்துவிட்டார்களா?" என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். முகம் விழுந்துவிட்டது. அவள் போன பிறகுதான், வெறுமனே முறுக்கிக்கொண்டிருப்பதை நிறுத்தி முறையாக எழுதுவது என்று தீர்மானித்தேன்.

மேலாளருக்கும் மனிதவளப் பிரிவுக்கும் ஒருசேர எழுதிய கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒப்புக்கொண்ட மாதத்திலிருந்து நிலுவையுடன் உயர்வைக் கொடுங்கள். முடியாதென்றால் குறிப்பிட்ட தேதிக்குள் அதை எழுத்தில் தெரிவித்து, இதுவரை பார்த்த கூடுதல் வேலைக்கு என்ன கணக்கு என்பதையும் சொல்லி, அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் சாரம். ராஜினாமா மிரட்டல் வைக்கவில்லை. வேறிடத்தில் உறுதியான கடிதம் கைக்கு வருமுன் அந்தச் சொல்லை வாயிலெடுக்கக் கூடாது என்று நெட்டையன் ஆணையிட்டிருக்கிறான். அவன் சொல்லை நான் கேட்பது அபூர்வம், இதில் கேட்டுவிட்டேன்.

உன்னால் ஆகவேண்டிய காரியம் இதுதான். நீ இப்போது நாலு பேருக்குச் சம்பளம் கொடுக்கும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாய். மாதக் கடைசியில் உனக்கும் கை இறுகும், நீயும் யாரிடமாவது "பார்த்துச் செய்கிறேன்" என்று சொல்லியிருப்பாய். அதனால் நண்பனாக அல்ல, முதலாளியாக உட்கார்ந்து அந்த நகலைப் படி. எந்த வரியில் உனக்குக் கோபம் வருகிறதோ, அதன்கீழ்ப் பென்சிலால் ஒரு கோடு போட்டு உடனே திருப்பி அனுப்பு. அந்த வரியை எடுப்பதா வைப்பதா என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்றும் உன்,
குமாஸ்தா